ஏழாவது இடம்

பணகுடிக்கு மேற்கே துணைமின் நிலையம்.
இரவு ஷிப்டில் நானும் மைதீன் பிச்சையும்.
வைகாசி பிறந்தும் கணவாய்க் காற்று
முழுசாக இறங்கவில்லை.
திரையில் முப்பத்தொன்பது காற்றாலைகள்,
பாதி பச்சை, பாதி மஞ்சள்.
பதினேழாவது போன மாசத்திலிருந்தே சிவப்பு.

ஆட்ட நாளில் என் அணியின் பேரைச் சொல்ல மாட்டேன்.
சொன்ன வருஷம் கீழே இறங்கினார்கள்.
நிலக்கரி தீர்ந்த ஊர், ஓர் ஆறு, ஓயாத மழை,
அதற்கு மேல் எனக்கும் தெரியாது.
ஒருத்தனின் இடது காலைப் பார்த்து ஒட்டிக்கொண்டேன்.
அவன் அந்தக் கோடையிலேயே வேறு கிளப்புக்குப் போய்விட்டான்.
நான் போகவில்லை.

சனிக்கிழமை. மேலே ஏற மிச்சமிருந்த ஒரே ஆட்டம்.
நாற்பத்தாறு ஆட்டம் ஆடி மூன்றாவதாக வந்தோம்.
எதிரே நிற்பவன் ஆறாவது,
பதினோரு புள்ளி கீழே.
"அந்தப் பதினொண்ணு என்னாச்சு?" என்றார்
வாட்ச்மேன் வேதமுத்து.
"பிரிலிம்ஸ் மார்க்கு மெயின்ஸுக்குச் சேராதுல்லா, அண்ணாச்சி."
அவர் மகள் குரூப் டூ எழுதியவள்.
அதற்கப்புறம் ஒரு கேள்வியும் இல்லை,
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

படம் ஒரு நிமிஷம் பிந்தி வரும்.
போன் முந்தித் துடிக்கும்.
எண்பத்தாறாவது நிமிஷம் அது துடித்தபோது
திரையில் பந்து எங்கள் பெட்டிக்குள்தான் கிடந்தது.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
யாரோ ஒருத்தர் கோல் அடித்தாயிற்று,
இங்கே இன்னும் யாரும் அடிக்கவில்லை.
அந்த நேரம் பார்த்து நாலாம் பீடர் டிரிப் ஆனது.
யார்டுக்கு ஓடினேன்.
மலையிலிருந்து காற்று கல்லெறிகிற மாதிரி வந்தது.
திரும்பி வந்தால் மைதீன் பிச்சை
வாயைத் திறந்தபடி நிற்கிறான்,
அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை.
"ஏறிட்டியளே, பொன்மலர்!"

என் அணி ஏறியதை நான் பார்க்கவில்லை.
லாக் புத்தகத்தில் பீடர் போன நேரம் எழுதினேன்.
கை நடுங்கியதில் ஏழு ஒன்று மாதிரி விழுந்தது.
பிறகுதான் உறைத்தது,
வருகிற ஆவணியிலிருந்து பெரிய கிளப்பெல்லாம்
எங்களைக் கூப்பிட்டு வைத்து அடிக்கும்.
அடி வாங்கத்தான் இத்தனை வேண்டுதலா?
ஆமா. அதற்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மைதீன் பிச்சையின் முறை.
பத்து ஆட்டமும் எட்டரைக்கு ஒரே மூச்சில் தொடங்கும்.
அவன் அணி எட்டாவது.
அவன் ஜெயிக்கணும், கடற்கரைக்காரன் ஜெயிக்கக் கூடாது,
அப்போது ஏழாவது.
ஏழாவதுக்கு ஐரோப்பா உண்டா?
இந்த வருஷம் உண்டு. கோப்பையைத் தூக்கியவன்
ஏற்கெனவே மேலே இடம் பிடித்தவன்.
அவன் சீட்டு ஒன்று மிச்சம், அது கீழே நழுவும்.
லோடு ஷீட்டின் முதுகில் இதையெல்லாம்
அம்புக்குறி போட்டு வரைந்து காட்டினான்.

வேதமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு
வெகுநேரம் பார்த்தார்.
"மேல உள்ளவனுக்கு ரெண்டு வேலை கெடச்சாத்தான்
கீழ உள்ளவனுக்கு ஒண்ணா?"
"அதேதான்."
"அப்ப நம்ம புள்ள கேஸுதாம்டே."
காத்திருப்போர் பட்டியலில் அவள் மூன்றாவது.

கடற்கரைக்காரன் சமனில் முடித்தான்.
இவன் அணி ஒரு அசிங்கமான கோலில் ஜெயித்தது,
எவன் முழங்காலிலோ பட்டு உருண்டது.
ஏழாவது!
மைதீன் பிச்சை கத்தவில்லை.
டிபன் பாக்ஸைத் திறந்து
ஆறிப்போன இடியாப்பத்தை
நின்றுகொண்டே தின்றான்.

அப்புறம் ஷிப்டு அட்டவணையை எடுத்து
ஆகஸ்டு மாசத்து வியாழக்கிழமை இரவுகளில் எல்லாம்
பென்சிலால் தன் பேரை எழுதினான்.
தகுதிச் சுற்று.
எந்த நாட்டுக்குப் போகணுமோ, யாரோடு ஆடணுமோ,
இன்னும் சீட்டுக் குலுக்கவில்லை.
அந்த மாசம் காற்று உச்சத்தில் இருக்கும்,
டவர் கிடைக்காது என்றேன்.
"கெடக்கட்டும்" என்றான்.

வேதமுத்து அட்டவணையை வாங்கி,
அடுத்த தாளையும் புரட்டிப் பார்த்தார்.
"பென்சிலு இருந்தா ஒண்ணு குடு" என்றார்.