ஆறு மில்லிமீட்டர்

பாடாங் செராய். பாசார் மாலாமை
மழை எட்டு மணிக்கே கலைத்துவிட்டது.
கைப்பேசிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில்
நானும் ஒரு மின்விசிறியும்
நாற்பத்தேழு பிழைகளும்.

திரையில் சர்க்யூட் பலகை,
அம்மை கண்ட முதுகு மாதிரி.
எங்கே தொட்டாலும் சிவப்பு அம்பு.

செம்பனை நிறுக்கும் எடைமேடைக்கான பலகை இது.
லோரி ஏறி நிற்கும்,
நாலு மூலை உணரிகளும்
குலைகளின் பாரத்தை
மில்லிவோல்ட்டில் முணுமுணுக்கும்.
அந்த முணுமுணுப்பைச் சிந்தாமல் கொண்டுபோக
நான் செம்பில் கோடு போடுகிறேன்.
சிந்தினால் கணக்கில் ஒரு குலை குறையும்.
யாருடைய குலை என்று
யாரும் கேட்கமாட்டார்கள்.

பன்னிரண்டுக்குள் கோப்பு போகவேண்டும்.
மிஸ்டர் லோ மூன்று முறை அழைத்துவிட்டார்.

முதலில் செம்புத் தளத்தை மறுபடி நிரப்பினேன்.
முப்பத்தொன்று ஒரே மூச்சில் போயிற்று.
அவை பிழைகளே இல்லை.
கோட்டை நகர்த்தியவள்
தளத்துக்குச் சொல்ல மறந்தாள், அவ்வளவுதான்.
அடுத்து, ஈயம் வைக்கும் இடத்தில்
எழுத்து ஏறிய குற்றம், ஒன்பது.
பெயர்களைப் பிடித்து ஓரமாய்த் தள்ளினேன்.
ஒரு மின்தடைக்கு எங்கேயும் இடமில்லை,
பெயரில்லாமல் இருக்கட்டும் என்று விட்டேன்.

பிறகு ஒரு தீவு.
எதனோடும் சேராத செம்புத்துண்டு,
சுண்டுவிரல் நகமளவு.
ஒரு துளை குத்தி அடியிலிருக்கும் கிரவுண்டோடு இணைத்தேன்.
நிலம் இத்தனை சுலபமாய்க் கிடைப்பது
பலகையில் மட்டும்தான்.

மிச்சம் ஆறு.
ஆறும் ஒரே வாக்கியத்தைச் சொல்கின்றன:
இந்தப் பக்கம் இருநூற்று நாற்பது வோல்ட்,
அந்தப் பக்கம் உணரிகள்,
நடுவே மூன்று புள்ளி இரண்டு.
விதிப்படி ஆறு.

காற்றில் தாவ மூன்று தடுத்துவிடும், தெரியும்.
ஆனால் ஈரமும் தூசும் எண்ணெயும் படிந்த பலகைமேல்
மின்சாரம் தாவாது, ஊரும்.
அதற்குத்தான் ஆறு.
அதை மென்பொருள் கேட்கவில்லை.
மார்ச்சில், நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில்
நான்தான் அடித்து வைத்தேன்.

பதினொன்று நாற்பது.
ஆறை அழித்து மூன்று என்று போட்டேன்.
ஓட்டினேன்.
பூஜ்யம்.
பச்சையாய், உருண்டையாய், எவ்வளவு நல்ல எழுத்து.
நாற்காலியில் சாய்ந்துகூட விட்டேன்.

போன செவ்வாய் அளவெடுக்கப் போனபோது
ரஃபிகுல் அந்த இரும்புத் தகட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.
குழாய்த் தண்ணீர், நசுங்கிய பழத்தின் ஆரஞ்சு எண்ணெய்,
வார் அறுந்த சிலிப்பரைக் கழற்றி ஓரமாய் வைத்திருந்தான்.
மேடை நடுவே கறை.
ஏறலாமா என்று என்னைத்தான் கேட்டான்.
"போலே நாயிக், காக்?"
பலகை செய்கிறவள் நான் என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
"போலே," என்றேன்,
அளவுநாடாவிலிருந்து கண்ணெடுக்காமல்.

மூன்றை அழித்து ஆறு போட்டேன்.
ஆறு அம்புகளும் திரும்பி வந்தன,
எங்கேயும் போகாதவை மாதிரி.

ரிலேயை நகர்த்த இடமில்லை.
பெட்டி ஐநூறு வாங்கிக் கிடங்கில் கிடக்கிறது.
ஆகவே பலகையை அறுத்தேன்:
இரண்டு பக்கத்துக்கும் நடுவே
ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் நீளமான பிளவு.
ஊர்ந்து வருகிறவன் சுற்றித்தான் வரவேண்டும்.
இத்தனை நாள் கோடு இழுத்த கைக்கு
ஒன்றுமில்லாததை வரைவது புதிது.
மூன்று முறை கோணல்.

பன்னிரண்டு பதினெட்டு.
ஐந்து போயிற்று.
பிளவு முடிகிற இடத்தில்
ஒரு திருகாணித் துளை, அதன் பக்கத்தில்
ஒரே ஒரு அம்பு.
ஐந்து புள்ளி எட்டு.

கைப்பேசி அதிர்கிறது. நாலாவது முறை.
"சுடா, மிஸ்?" என்கிறார் லோ.
மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது.

"பெலும்," என்றேன்.