கீழ் விளிம்பு

கூட்டத்தில் எட்டுப் பேர்.
நெவிலையும் சேர்த்தால் ஒன்பது. யாரும் சேர்க்கவில்லை.
ஏழு பேருக்கு அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டு.
எட்டாவது நாற்காலியில் ஐரிஸ் தோரஸ்பி,
நனைந்த மழைக்கோட்டைக் கழற்றாமல்.

"நீங்கள் இவருக்கு உறவா?"
இல்லை.
"சமூகநலத் துறையா?"
இல்லை.
"அப்படியானால்..."
இவர் பக்கம் உட்கார வந்தவள் என்றாள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'இதர' என்பதில் ஒரு டிக் போட்டார்கள்.

கிரிம்ஸ்பி மீன் துறைமுகத்தில்
முப்பத்தொரு வருடம் எடைச்சீட்டு எழுதியவள்.
பெட்டியின் எடை, ஐஸின் எடை,
கழித்துப் பார்க்காமல் எதையும் நம்பாத கண்.
ஓய்வுபெற்ற குளிர்காலத்தில்
நூலகச் சுவரில் ஒரு தாள் பார்த்தாள்:
ஒருவருக்கு ஒருவர் தேவை.
சம்பளம் இல்லை.
எத்தனை காலம் என்று சொல்வதற்கில்லை.

முதல் இரண்டு மாதம்
நெவில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
ஜன்னல் வழியே குப்பை வண்டியைப் பார்த்தார்.
அவளும் குப்பை வண்டியைப் பார்த்தாள்.
மூன்றாம் மாதம், தன் கம்பளித் தொப்பியை எடுத்து
அவள் மடியில் வைத்தார்.
வெளியே கூட்டிப் போ என்றா,
கொஞ்சம் பிடித்துக்கொள் என்றா,
இன்றுவரை அவளுக்குத் தெரியாது.
போனார்கள். கடல் உள்வாங்கிக் கிடந்தது.
யாரோ பொரித்த உருளைக்கிழங்கு தின்றபடி கடந்தார்கள்.
அவர் நின்றுவிட்டார்.

இல்லத்தில் காலையில் பழுப்பு,
மதியம் பச்சை,
இரவு மறுபடி பழுப்பு.
எல்லாவற்றையும் அரைத்து
ஐஸ்கிரீம் கரண்டியால் மூன்று உருண்டை.
கிண்ணத்தை ஒரு முறை முழுதாகச் சுற்றுவார்,
வாசல் தேடுவதுபோல்.
பிறகு ஐரிஸின் டோஸ்ட்டைப் பார்ப்பார்.
அந்த மேசையில் கறுக்கென்று கேட்பது
அவள் வாய் மட்டும்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
நெவிலுக்குச் சொல் பிறவியிலேயே இல்லை.
பல் இருக்கிறது, பின்வரிசையில் ஏழு.
கொட்டாவி விட்டபோது எண்ணினாள்.

"கோப்பில் இருக்கிறது" என்றார் மேலாளர்.
கோப்பில் இருந்தது: கூழுணவு மட்டும்.
யார் எழுதியது?
தாள்கள் புரண்டன.
நகல். நகலின் நகல்.
பக்கத்தின் அடியில் இன்னொரு வரி,
தலைகள் மட்டும் தெரிய
நீரில் முழுகிக்கொண்டிருந்தது.

அசலைக் கேட்டாள்.
ஆறு கடிதம்.
ஒன்றுக்கு, உங்கள் கடிதம் எங்களுக்கு முக்கியம் என்று பதில்.
நான்கிற்கு அதுவும் இல்லை.
ஆறாவது, மூடிப்போன மருத்துவமனையின் பெட்டிகளை
லிங்கனில் ஒரு கிடங்குவரை துரத்திப் போய்த் திறந்தது.

பல் பிடுங்கியிருப்பதால் கூழுணவு மட்டும்.
இரண்டு வாரத்துக்கு.

தேதியைப் பார்த்தாள். பத்தொன்பது வருடம்.
பழக்க தோஷம், கழித்தாள்.
மீதியை எந்தச் சீட்டில் எழுதுவது?

கூட்டத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை.
சமையலறைப் பெண் அழுதாள்,
அவள் சேர்ந்தே ஒன்பது நாள்தான்.
மேலாளர் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.
யார்மேல் கோபப்படுவதென்று தெரியாமல்
ஐரிஸ் தேநீரில் மூன்றாவது தடவை சர்க்கரை போட்டாள்.
நெவில் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

விழுங்குவதைச் சோதிக்கும் நிபுணர்
ஐந்து வாரம் கழித்து வந்தார்.
தொண்டையில் இரு விரல் வைத்து
முதலில் வாழைப்பழம், பிறகு வெண்ணெய் தடவிய ரொட்டி.
கடைசியில், சரி, என்றார்.

நெவில் டோஸ்ட்டின் ஓரத்தை
பின்பல்லுக்குக் கொண்டுபோனார்.
கறுக்.
நிறுத்தினார்.
சத்தம் எங்கிருந்து வந்தது என்று
அறையைச் சுற்றிப் பார்த்தார்.
பிறகு இன்னொரு முறை, வேண்டுமென்றே.

அடுத்து ஒரு துண்டு தக்காளி.
முகம் சுளித்து, நிபுணரின் கைமேலேயே துப்பினார்.

எல்லோரும் மன்னிப்புக் கேட்டார்கள்.
ஐரிஸ் மட்டும் பேனாவை நீட்டினாள்:
எழுதுங்கள்,
தக்காளி பிடிக்காது.
இன்றைய தேதி போடுங்கள். உங்கள் பெயரையும்.
கீழே இரண்டு விரற்கடை இடம் விடுங்கள்,
நகல் எடுக்கும்போது வெட்டுப்படாமல்.