ஊறல்

சங்கக் கடையில் காசு எண்ணுகிறவள் நான்.
பதினேழு வருசமாக நாக்கைத் தொட்டுத் தொட்டு
ஆயிரம் ரூபாத் தாள்களைப் பிரித்த விரல்
இப்போது வாய்வரை போய்
காய்ந்தபடியே திரும்பி வருகிறது.
மனேச்சர் சிவப்புப் பஞ்சொன்று வாங்கி வைத்திருக்கிறார்,
சின்னக் கிண்ணத்தில், தண்ணியோடு.

மகரகமவில் ஈயப் பெட்டிக்குள்ளிருந்து
ஒரேயொரு குளிசை.
விழுங்கினதும் கதவைச் சாத்தினார்கள்.
கழுத்தில் எஞ்சியதைத் தேடிப் போகும் என்றார்கள்.
போனது.
போகிற வழியில் காதடியிலும் தாடைக்குக் கீழும்
கதவு திறந்து கிடந்த வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.
"எச்சில் சுரப்பிக்கும் அயடீன் விருப்பம்" என்று
சிங்களம் கலந்த தமிழில்
வெளியே நின்று சொன்னாள் தாதி.
இரண்டாம் நாளிலிருந்து தேசிக்காய் இனிப்புகள்.
எண்ணினேன், தொழில் பழக்கம்: நாற்பத்தொன்று.
சுற்றியிருந்த தாள்களைக்கூட
வெளியே கொண்டுவர விடவில்லை.

சோதனையில் கழுத்து துப்புரவு.
எல்லோருக்கும் சந்தோசம், எனக்கும்தான்.
புட்டு வாய்க்குள் மணலாகக் கிடப்பதை
இதற்குப் பிறகு யாரிடம் சொல்வது?
சொதி விடுகிறேன். இன்னும் சொதி.

ஆசை மட்டும் பழையபடி.
பத்து மணிக்குத் தர்சிகா மாங்காயை வெட்டி
உப்பும் தூளும் தொடத் தொடங்க
என் இடக் கன்னம் எழும்பும், காதடியிலிருந்து,
கல்லுப் போல.
உள்ளே ஊறுகிறது, வர வழியில்லை.
எனக்கு எது பிடிக்கும் என்பதை
இப்போது கடை முழுக்கப் பார்க்கலாம்.

மண்ணெண்ணெய்க்கு வந்த யோகமலர்
மிச்சக் காசை எடுக்காமல் குனிந்து கேட்டா:
"ஆர் பிள்ளை அடிச்சது? மனிசனே?"
சிரித்தேன்.
மேலுதடு பல்லில் ஒட்டி இறங்க மறுத்தது.
அது அழுகை மாதிரித் தெரிந்திருக்க வேண்டும்.
அடுத்த நாள் கூப்பன் மட்டையின் பின்பக்கம்
ஏதோ பெண்கள் அமைப்பின் நம்பரை
எழுதிக்கொண்டு வந்து தந்தா.

அடித்த மனிசன் தயாபரன்
இரவில் லைற்றை அணைக்காமல்
காதடியிலிருந்து கடைவாய் வரைக்கும்
கட்டைவிரலால் தள்ளித் தள்ளி விடுகிறார்,
தூர்ந்த கிணற்றுக்குள் இறங்கி
ஊற்றுக்கண் தேடுகிறவர் மாதிரி.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு சட்டென்று ஒரு சொட்டு.
உவர்.
அராலித் தண்ணியேதான்.
துப்பவில்லை, விழுங்கினேன்.

யோகமலர் தந்த மட்டை
லாச்சிக்குள் இன்னும் கிடக்கிறது,
ஐயாயிரம் தாள்களுக்குக் கீழே.
எறிய மனம் வரவில்லை.