உப்புக்கு இரண்டு விரல்

ஈரம் அளக்கும் கருவியோடு வந்திருக்கிறேன்.
நகராட்சிச் சீட்டில் வேலை இவ்வளவுதான்:
புனித ஒடிலோ மடம், தெற்குச் சுவர், விரிசல்.
இடிக்கலாமா, கூடாதா.

ஊரின் முதல் பெயரை
நாக்கைக் கடைவாயோரம் சொடுக்கித்தான் சொல்லமுடியும்.
சதுப்பு என்று பொருள்.
சூலுப் பெண்கள் பாய்க்குக் கோரை அறுக்க வருவார்கள்,
பொழுது சாயுமுன் கட்டோடு மேடேறிவிடுவார்கள்.
ஒருவரும் இங்கே குடிசை போடவில்லை.
தெரியாமல் அல்ல.

பிறகு பதினொரு ஜெர்மன் துறவிகள்
மாட்டுவண்டியில் ஒரு மணியை ஏற்றி வந்தார்கள்.
வண்டி புதைந்தது. மணியும் புதைந்தது.
புதைந்த இடமே கர்த்தர் காட்டிய இடம் என்கிறது
மடத்து நாளேடு.
என் தொழிலில் அதற்குப் பெயர்
அச்சு முறிந்த இடம்.

அவர்களுக்குப் பேசா நோன்பு.
வாய்க்கால் வெட்ட,
கரும்புத் தோட்டத்திலிருந்து ஒப்பந்தம் மாற்றி எடுத்த
நாற்பது பேருக்கோ
பேசினாலும் யாருக்கும் புரியாத பாஷை.
இந்த மௌனமும் அந்த மௌனமுமாகப்
பன்னிரண்டு வருஷம் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளின.

கணக்குப் புத்தகம் அலமாரியிலேயே ஊறிக் கிடக்கிறது.
பக்கங்களைக் கத்தியால் பிரிக்கவேண்டியிருந்தது.
சுண்ணாம்பு, ஒன்பது வண்டி.
கொயினா, இரண்டு புட்டி.
'கூலி 41093 காய்ச்சலில் மரித்தான்.
மண்வெட்டி திரும்பப் பெறப்பட்டது.'
அடுத்த வரி மெழுகுவர்த்தி.

தெற்குச் சுவரில், இடுப்பளவு உயரத்தில்,
ஒரு செங்கலில் கொக்கின் கால் பதிந்திருக்கிறது.
காயப்போட்டிருந்தபோது நடந்துபோயிருக்கும்.
இந்தக் கட்டடத்தில்
தன் இஷ்டத்துக்குக் கையெழுத்திட்ட ஒரே ஆள்.

அப்புறம் ரயில் வந்தது, ஊர் வந்தது.
ஒரு மதுக்கடை, ஒரு வங்கி,
கவுண்டர் அண்ட் சன்ஸ் இரும்புக்கடை.
துறவிகள் ஒவ்வொருவராகச்
சவுக்குமரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.
மடம் பள்ளிக்கூடமானது, பட்டாளக் கிடங்கானது,
கொஞ்ச நாள் கல்யாண மண்டபம்.
குடியிருப்புச் சட்டம் எங்களைக்
கல்மேட்டுக்குத் துரத்தியது.
எண்பத்தேழு வெள்ளத்தில்
ஊரிலேயே நனையாதது அந்தக் கல்மேடு மட்டும்.
இதைச் சொல்லி என் மாமனார் தண்டராயன்
இருமல் வரும்வரை சிரிப்பார்.

கடைசித் தாள்களில் எழுத்தில்லை. கைகள்.
அன்ஸ்கார் என்ற துறவி
கூலிகளுக்காகப் பென்சிலில் வரைந்தவை.
ரொட்டி: இரு கட்டைவிரலும் இரு சுட்டுவிரலும் கூடிய வட்டம்.
தண்ணீர்: ஐந்து விரல் நுனியும் சேர்ந்து கீழ்நோக்கி.
நிறுத்து. தோண்டு. இன்னும் ஆழமாக.
உப்பு: கட்டைவிரல்மேல் இரண்டு விரல், இரண்டு தட்டு.

நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்
அப்படித்தான் உப்புக் கேட்பார்கள்.
தண்டராயன், அவர் தங்கைகள், என் கணவர்.
மரியாதை கெட்ட பழக்கம் என்று
நேற்றுக்கூட என் மகனை அதட்டினேன்:
வாயைத் திறந்து கேளேண்டா, பிரெஷன்.
அவனும் திறக்கவில்லை.
தட்டினான். இரண்டு தட்டு.

இன்னும் ஒரு படம் இருக்கிறது,
பூஞ்சை பாதி தின்றது.
மூடிய கை நெஞ்சின்மேல்.
கீழே ஜெர்மனில் மூன்று சொல்;
தொலைபேசியைக் கேட்டேன்,
'பிழை என்னுடையது' என்றது.
இந்தச் சைகை எங்கள் வீட்டில் இல்லை.
நாற்பது பேரில் ஒருவருக்காவது
யாராவது காட்டியிருந்தால் வந்திருக்கும்.

விரிசல் எட்டு மில்லிமீட்டர். ஈரம் தொண்ணூற்றிரண்டு.
மழையில்லை, கூரையில்லை, கீழிருந்து ஏறுகிறது.
சரிந்த வாய்க்காலில் கோரை முளைத்து
பலிபீடத்துப் படிவரை வந்தாயிற்று.
தவளைச் சத்தத்தில்
என் பேனாச் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

பரிந்துரை என்ற கட்டம் காலியாக இருக்கிறது.
அஞ்சு மணிக்குள் அனுப்பவேண்டும்.
இடது பூட்ஸுக்குள் தண்ணீர்.