ஏழாம் நம்பர் தகடு

கஸப் ஊருக்கு மேலே, ஜெபல் ஹரீம் போகும் கரட்டுப் பாதையில்
மூன்று அலுமினிய முக்கோணங்களை மூலை சேர்த்துப்
பாறையில் அறைந்து வைத்திருக்கிறோம்.
மழைத்தண்ணீர் தேங்காமலிருக்க அடியில் ஒரு துளை.
மொத்தம் பதினொன்று. என் பொறுப்பில் ஒன்பது.

பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை
எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள்
பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே போகும்,
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி
கல்யாணப் பந்தலில் பார்ப்பதுபோல்.
அது எறியும் அலை தகட்டில் பட்டுத் திரும்பும்.
அவ்வளவுதான் சங்கதி.
அந்த நேரத்தில் நான் பெரும்பாலும்
பல் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
வெறும் சாம்பல், மணல் தூவியதுபோல.
இரண்டாவது வந்ததும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பாள்
மஸ்கட்டில் பஹிய்யா.
மலை நிறம் பூசிக்கொள்ளும்:
மஞ்சள், ஊதா, பச்சை, மறுபடி மஞ்சள்.
ஒரு சுற்று நிறம் என்றால்
மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல்.

ஆகஸ்டில் எல்லாமே பொய்.
கடலிலிருந்து ஏறும் புழுக்கம் அலையைத் தாமதப்படுத்த,
சும்மா நிற்கும் மலை ஒரு விரற்கடை
தாழ்ந்ததாய்க் காட்டும்.
காற்றின் வேர்வையைக் கழித்துவிட்டு
மிச்சத்தை நம்ப வேண்டும்.

இது மே மாதம்.
ஏழாம் நம்பர் மட்டும் ஒன்பது மில்லிமீட்டர் கீழே.
எதிர்க்கரையில், கெஷ்ம் தீவில், போன வாரம்தான் ஆடியது.
இங்கே டீக்கடைக் கிளாஸ்கள் லேசாய்ச் சிணுங்கின.
பஹிய்யா இரண்டு முறை போன் செய்தாள்.
தாத் கரீம் வண்டியை விரட்டினான்.

ஆறும் எட்டும் வைத்தது வைத்தபடி.
ஏழில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது.
பின்பக்கம் விரித்த அட்டைப்பெட்டி, காலி லபன் புட்டி,
சாய்ந்து சாய்ந்து பளபளப்பேறிய ஓர் இடம்.
ரோடு போடும் ஆட்களில் யாரோ.
அந்த வளைவில்
நிழல் என்றால் அது ஒன்றுதான்.

முடுக்கினேன்.
காரணம் என்ற கட்டத்தில் 'ஆடு' என்று எழுதினேன்.
ஆடுகளுக்கு விசா ரத்தாகாது.

பஹிய்யா இந்த மலைக்காரி, ஷெஹ்ஹி குலம்.
"எங்கள் ஆடு லபன் குடிக்குமா?" என்றாள்.
போட்டோவில் புட்டி விழுந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை.
கொஞ்ச நேரம் லைனில் யாரும் பேசவில்லை.
பிறகு கையெழுத்துப் போட்டாள்.

எல்லாக் கணக்குக்கும் அசையாத ஒரு புள்ளி வேண்டும்.
எங்களுடையது துறைமுக ஆபீஸின் கூரை விளிம்பு.
அது அசையாது என்று ஒரு மீட்டிங்கில் தீர்மானித்தோம்.
உண்மையில் கூரை, மலை, தகடு, என் இரும்புக் கட்டில்,
மொத்தமும் வருஷத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல்
வடக்கே போகிறது, ஈரானைப் பார்த்து.
துருவத்துக்குத் துருவம் ஓடும் கோளுக்கு
மற்றதெல்லாம் தெரியும்;
வடக்கே நகர்வது மட்டும் ஏறக்குறைய தெரியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, லீவு.
தனியாகப் போனேன்.
தகட்டிலிருந்து முப்பதடி தள்ளி, இரண்டு பாறைகளுக்கு நடுவே
பழைய தார்ப்பாய் ஒன்றை நைலான் கயிற்றில் இழுத்துக் கட்டினேன்.
ராடார் அதைப் பார்க்காது, ஊடுருவிப் போய்விடும்.

பன்னிரண்டாம் நாள், ஏழுக்கு நேரே சுழி.
தார்ப்பாய்க்குக் கீழே
இரண்டு புட்டிகள்.