இல. 61

ஏல அட்டையின் முதல் வரியை
மிஸ்டர் ஜான்ஸே சொல்லிவிட்டார்:
"ரஷ்ய அரச குடும்பத்துக்கெனச் செய்த வெள்ளித் தேநீர்ச் செட்."
எந்த அரசர் என்று கேட்டேன்.
"அரசர் எண்டால் போதும் பிள்ளை,
கறுவாத்தோட்டத்தில் ஆர் பெயர் கேக்கப் போறான்?"

மீதி வரிகள் என்னுடையவை.
கெண்டி ஒன்று. பாற்குவளை ஒன்று.
சீனிப் பெட்டி, திறப்பு இல்லை.
இடுக்கி, நுனியில் கோழி நகம்.
தட்டு; அதை இரண்டு பேர் தூக்கினோம்.
இருதலைக் கழுகில் ஒரு தலை கடற்பக்கமும்
மற்றது காலி வீதியின் பெற்றோல் வரிசையையும் பார்த்தது.
அடியில், உளுந்தளவில்,
உயர்ந்த தலையணியோடு ஒரு பெண்ணின் பக்கமுகம்.
அவளருகே 84.

காவலுக்கு நிற்கும் ஜயலத் குனிந்து பார்த்து,
"எண்பத்து நாலாம் ஆண்டா, மிஸ்?"
இல்லை. தொண்ணூற்றாறில் எண்பத்து நான்கு பங்கு வெள்ளி,
அவர்கள் கணக்கு அப்படி.

எண்பத்து நாலில்
நிறுக்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.
அதற்கு முந்தின யூலையில்
செட்டியார் தெருக் கடையின் வாசற்படியில்
காப்பும் கொலுசும் அரைஞாணும்
அலுமாரிக் கண்ணாடியோடு கலந்து வழிந்து
உறைந்து கிடந்தது,
யாரோ கஞ்சியைக் கொட்டியதுபோல.
அப்பா சுரண்டிச் சாக்கில் போட்டார்.
நிறுக்கவில்லை.
எனக்குப் பத்து வயது. சாக்கின் வாயைப் பிடித்திருந்தேன்.

இன்று காலை உருக்குகிறவர் வந்தார்.
கிராம் கணக்கில்தான் பேசினார்.
"நாட்டில டொலரே இல்லை, ராசாவுக்கு ஆர் காசு தாறது?"
கெண்டியை விரலால் சுண்டினார்.
ஓசை எழும்பி, போக இடமில்லாததுபோல
அறைக்குள்ளேயே நின்றது.
தராசின் மேல் துணியைப் போட்டேன்.
ஏலம் ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் போல வாங்கோ என்றேன்.

இரண்டரைக்கு மின்வெட்டு.
இருட்டில் செய்ய வேறு வேலை இல்லாமல்
கெண்டியின் மூக்கை ஈர்க்கால் குத்தினேன்.
சுருண்ட கறுப்பாய் ஒன்று விழுந்தது.
தேயிலை.
நாக்கில் வைத்தேன். மண்ணாய் இருந்தது.
எந்த மலையில் கிள்ளியதோ,
இலைக்கு யாரும் முத்திரை குத்துவதில்லை.

அப்போதுதான் துவான் ரமீஸ் வந்தார்,
மூன்று நாள் வரிசையில் நின்று
வெறும் காஸ் சிலிண்டரைக் காலால் உருட்டிக்கொண்டு.
ஒன்றும் பேசவில்லை.
பின்முற்றத்தில் பழைய பெட்டிப் பலகைகளை முறித்து
ஜயலத் அடுப்பு மூட்டினான்.
தண்ணீர் கொதித்த பிறகுதான் கேள்வி வந்தது:
எதில் ஊற்றுவது?
கழுவி வைத்திருந்தது அது ஒன்றுதான்.

இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீ.
பாற்குவளை சும்மா நின்றது;
பால்மா கதை எடுக்க வேண்டாம்.
சீனிப் பெட்டிக்குத் திறப்பும் இல்லை, சீனியும் இல்லை.
ரமீஸின் சட்டைப்பையில் இரண்டு தொபி.
மூன்று பேருக்கு இரண்டு.
கழுகுத் தட்டில் வைத்து
இடுக்கியின் முதுகால் தட்டி உடைத்தார்,
மெல்ல,
பிள்ளையின் பல்லைப் பிடுங்குகிறவர் மாதிரி.
துண்டைப் பல்லிடுக்கில் வைத்து உறிஞ்சினோம்.

"அரச குடும்பம்" என்றான் ஜயலத், சிங்களத்தில்.
ரமீஸுக்குச் சிரிப்பு வந்து தேத்தண்ணி மூக்கில் ஏறியது.
நான் இரண்டாம் முறை ஊற்றினேன்.
பிடியில் இருந்த தந்த வளையம் எப்போதோ வெடித்தது போலும்,
சூடு நேரே உள்ளங்கைக்கு வந்தது.
விடவில்லை. விட்டால் நெளிந்துவிடும்.

பின்னேரம் கரண்ட் வந்ததும் ஜான்ஸ் வந்தார்.
மூடியைத் திறந்து முகர்ந்தார்.
என்னைப் பார்த்தார்.
"உள்ளுக்குக் கறை. பழசா?"
"ஓம் சேர்."

அட்டையில் அவர் சொன்ன அரசரை
அவர் சொன்னபடியே எழுதினேன்.
கீழே, என் வரியில்:
நிலை நன்று.
பிடி சுடும்.