இடர் மதிப்பீடு

மணலியில் ஒரு பெயின்ட் கம்பெனியின் கேன்டீன்.
காலை ஒன்பதரை. முப்பத்தொரு பேர்.
முதல் வரிசையில் யாரும் உட்காரவில்லை,
எந்த வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை.
கரைப்பான் ஆவி, காதடைப்பான்,
முதுகை வளைக்காமல் டின் தூக்குவது:
நாற்பது நிமிடம் பேசினால்
எனக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்.

பேசுவதுதான் சிக்கல்.
வலது கன்னத்தில், மூக்கோரம்,
பொட்டு அளவுக்கு ஓர் இடம்.
அங்கே காற்று பட்டால், பிரஷ் பட்டால்,
'ப' சொல்ல உதடு கூடினால்
அறுந்த மின்கம்பியைக் கடித்த மாதிரி.
இருபது விநாடி.
பிறகு ஒன்றுமே நடக்காத முகம்.
'ப' இல்லாமல்
பாதுகாப்பை எப்படிச் சொல்வது?

வீட்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.
தண்டையார்பேட்டை பல் டாக்டர்:
கடைவாய்ப்பல் ஒன்று. வலி அப்படியே.
அதே டாக்டர்: பக்கத்துப் பல். வலி அப்படியே.
பிடுங்கிய இரண்டும் நல்ல பல்.
தர்காவில் ஓதிக் கொடுத்த தண்ணீர்:
மூன்று நாள் நிம்மதி.
தானாக அடங்கியதா, தண்ணீரா,
மாமியாருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.
ஸ்டான்லியில் எழுதித் தந்த மாத்திரை:
வலி போனது,
கூடவே சொற்களும்.
'ஹெல்மெட்' நினைவுக்கு வராமல்
ஒரு வகுப்பு முழுக்கத் தலையைத் தொட்டுக் காட்டினேன்.
தேரடியில் பஸ் படி இரண்டிரண்டாய்த் தெரிந்தது.
பத்துக்கு மதிப்பெண் போட்டேன்:
மாத்திரைக்கு எட்டு,
மாத்திரை போட்ட எனக்கு மூன்று.

காதுக்குப் பின்னால் திறப்பார்களாம்.
நரம்பின்மேல் துடிக்கும் ரத்தக்குழாயை நகர்த்தி
நடுவில் பஞ்சு போல ஒன்றை வைப்பார்களாம்.
"பத்துப் பேர்ல ஏழெட்டுப் பேருக்கு
வருஷக்கணக்கா வலி வராதும்மா."
மீதி ரெண்டு மூணு பேர் எந்த ஊரு டாக்டர் என்றேன்.
அவர் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை, சிரித்தாலும் வரும்.

வகுப்பு இருந்ததால்
அன்று காலை மாத்திரையைத் தள்ளிப்போட்டேன்.
மூன்றாவது படம்:
வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள்,
இரும்பு எதையும் நிறுத்தாது.
தலையாட்டினார்கள்.
நான்காவது படம்.
"பணியிடத்தில்"
அவ்வளவுதான்.

மேசை விளிம்பைப் பிடித்தேன்.
"தள்ளுங்கப்பா, காத்து வரட்டும்!"
யாரோ ஃபேனை ஐந்தில் வைத்தார்கள்.
யாரோ முகத்தில் தண்ணீர் அடித்தார்கள்.
கேன்டீன் ஏகவள்ளி
இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி
என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.
காற்று. தண்ணீர்.
மறுபடி. மறுபடி.
அந்த அறையில் என்னை ஒன்றும் செய்யாதது
அந்தச் சாவிதான்.
சில்லென்று இருந்தது. இறுக்கிக்கொண்டேன்.

ஃபேன் நின்றது.
சுவிட்ச் அருகே டில்லிபாபு, மிக்சிங் பிரிவு.
"வந்ததிலேர்ந்து பாக்குறேன்,
ஃபேன் இந்தாண்ட திரும்பும்போதெல்லாம்
துப்பட்டாவ இழுத்து மூடிக்கினே இருந்தாங்க.
காத்துதான் ஆவல அவுங்களுக்கு."

கடைசியில் படிவம்.
பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா?
முப்பது பேர் 'மிக நன்று',
படிக்காமல் போட்ட டிக்.
ஒரு தாளில் மட்டும் 'சுமார்',
கீழே கோணல் எழுத்தில்:
மூணாவது படம் யாருக்கும் ஏறல.

பஸ் ஸ்டாப்பில்
எண்ணெய் வாடையோடு கிழக்கிலிருந்து வந்தது காற்று.
சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.
சில்லறைக்குப் பையில் கைவிட்டபோது
சாவிக்கொத்து.
ஸ்டோர் ரூம் பூட்டு, அரிசி, பருப்பு,
மணி பதினொன்று ஆகப்போகிறது,
முப்பத்தொரு சாப்பாடு.

பஸ்ஸை விட்டுவிட்டு
கம்பெனி கேட்டை நோக்கி நடந்தேன்,
இடது கன்னத்தைக் காற்றுக்குக் கொடுத்து
நண்டு மாதிரிப் பக்கவாட்டில்.